தபால்தலையில் இரண்டு பேர்

போன மாதம் பேரன் லீவுக்கு வந்திருந்தான். பரணில் ஏறி எதையோ தேடப் போனவன், என் பழைய தபால்தலை ஆல்பங்களை இறக்கிக்கொண்டு வந்துவிட்டான். நாலு ஆல்பம். மேலே ஒரு விரல் கனத்துக்குத் தூசி. துடைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம். ஜெர்மனி பக்கம் வந்தபோது ஒரு தலையில் விரலை வைத்து, "இதுல மட்டும் ரெண்டு பேரா? யாரு தாத்தா இவங்க?" என்றான். அடுத்த கேள்வியையும் கையோடு கேட்டான். "இது இப்ப என்ன விலை போகும்?"

விலைக்குச் சட்டென்று பதில் சொல்லிவிட்டேன். பெரிய விலை எல்லாம் இல்லை, அபூர்வமான தலையும் இல்லை. முதல் கேள்விக்குத்தான் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார வேண்டியதாயிற்று. அவனிடம் சொன்னதையும், அவனிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் அஞ்சல் துறையில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவன் என்பது இங்கே தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தெரியும். கவுண்ட்டரில் உட்கார்ந்தவனுக்குத் தபால்தலைப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். கடிதம் மூலமாகவே பழகி, தலைகளை மாற்றிக்கொள்ளும் நண்பர்கள் சில நாடுகளில் இருந்தார்கள். ஜெர்மனியில் ஒருவர். நான் காந்தித் தலைகள் அனுப்புவேன், அவர் விளையாட்டுத் தலைகள் அனுப்புவார். 1996-ல், நவீன ஒலிம்பிக் தொடங்கி நூறு வருஷம் ஆனதற்காக ஜெர்மனி வெளியிட்ட தலைகளை அனுப்பியிருந்தார். விளையாட்டு வளர்ச்சி நிதிக்காக முகமதிப்புக்கு மேல் கொஞ்சம் கூடுதல் வைத்து விற்கிற வகை. அதில் ஒன்றுதான் பேரன் விரல் வைத்தது. ஆல்ஃபிரட் ஃப்ளாட்டோ, குஸ்டாவ் ஃபெலிக்ஸ் ஃப்ளாட்டோ. ஒன்றுவிட்ட சகோதரர்கள். 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் வென்றவர்கள்.

அப்போது எனக்கு அவ்வளவுதான் தெரியும். ஒட்டி வைத்தேன், மறந்தேன். ரிட்டையர் ஆன பிறகு, கம்ப்யூட்டர் பழகி, பழைய தலைகளில் இருப்பவர்கள் யார் யார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் இந்த இரண்டு பேரும் என் தூக்கத்தைக் கெடுத்தார்கள்.

ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற வார்த்தையே நான் பள்ளியில் படித்த காலத்தில் புழக்கத்தில் இல்லை. சிங்கிள் பார், டபுள் பார், ரோமன் ரிங்ஸ். "பார் எடுக்கப் போறேன்" என்போம். வாழைக்காய் பஜ்ஜி மாதிரி உள்ளங்கை கொப்பளிக்கும். அதற்கு விளக்கெண்ணெய் தடவுவார்கள். இந்தச் சிங்கிள் பாரும் டபுள் பாரும் எங்கிருந்து வந்தன என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. வந்தது ஜெர்மனியிலிருந்து. நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்றுப்போயிருந்த சமயம், ஃப்ரீட்ரிஷ் லுட்விக் யான் என்கிற ஆசிரியர், 1811-ல் பெர்லினை அடுத்த ஹாசன்ஹைடே என்ற இடத்தில் ஒரு திறந்தவெளிப் பயிற்சி மைதானம் ஆரம்பித்தார். இளைஞர்களின் உடம்பைத் திடமாக்கி நாட்டை மீட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். டபுள் பாரையும் சிங்கிள் பாரையும் உலகமெல்லாம் பரப்பியது அந்த இயக்கம்தான். டுர்னன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இந்த டுர்னன்காரர்களுக்கு ஒரு கொள்கை உண்டு. எல்லோரும் ஒன்றாகச் செய்ய வேண்டும், ஒழுங்காகச் செய்ய வேண்டும், நாட்டுக்காகச் செய்ய வேண்டும். தனி ஆள் ஜெயித்து மெடல் வாங்குவது, நொடிக்கணக்குப் பார்ப்பது எல்லாம் ஆங்கிலேயர் பழக்கம், நமக்கு வேண்டாம் என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டாய்ச்செ டுர்னர்ஷாஃப்ட் என்கிற அவர்களுடைய தேசியச் சங்கம் மிகப் பெரியது. ஜெர்மனியில் பார் எடுக்கிறவன் என்றால் அநேகமாக அந்தச் சங்கத்துக்காரனாகத்தான் இருப்பான்.

இந்த நிலையில் ஏதென்ஸில் ஒலிம்பிக் என்று அறிவிப்பு வந்தது. நடத்த நினைத்தவர் பியர் த குபெர்த்தன், பிரெஞ்சுக்காரர். ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் நடந்த யுத்தம் முடிந்து இருபத்தைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. போதாக்குறைக்கு, ஜெர்மன்காரர்கள் வராவிட்டாலும் நல்லதே என்று குபெர்த்தன் சொன்னதாக ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் பேட்டி வந்தது. அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மறுத்தும் பலனில்லை. ஜெர்மனியில் ஒரே கொந்தளிப்பு. சங்கம் 'போகக்கூடாது' என்று முடிவெடுத்தது.

ஆனால் பெர்லினில் வில்லிபால்ட் கெப்ஹார்ட் என்று ஒருவர் இருந்தார். வேதியியல் படித்தவர். அவர் விடவில்லை. ஒரு கமிட்டி அமைத்து, ஆள் திரட்டி, பணம் திரட்டி, பார் எடுக்கிறவர்களாகப் பத்துப் பேர் அளவில் சேர்த்துக் கிளப்பிவிட்டார். அந்தப் பத்துப் பேரில்தான் இந்த இரண்டு ஃப்ளாட்டோக்களும். ஆல்ஃபிரடுக்கு 26 வயது, குஸ்டாவ் ஃபெலிக்ஸுக்கு 21.

ஏதென்ஸில் போட்டி நடந்தது, பழைய பான்அதெனாயிக் ஸ்டேடியத்தில். அலெக்ஸாண்ட்ரியாவில் வியாபாரம் செய்து சம்பாதித்த கியோர்கியோஸ் அவெரோஃப் என்ற கிரேக்கப் பணக்காரர் கொடுத்த பணத்தில் அதைப் பளிங்குக் கல்லால் புதுப்பித்திருந்தார்கள். என் போன்றவர்களுக்குச் சந்தோஷம் தரும் ஒரு சேதியும் இங்கே உண்டு. செலவுக்குக் காசு போதாமல் கிரேக்க அரசு பன்னிரண்டு தபால்தலைகள் வெளியிட்டு அந்த வருமானத்தையும் போட்டது. உலகத்தின் முதல் ஒலிம்பிக் தபால்தலைகள் அவைதான். என்னிடம் அதில் ஒன்றுகூடக் கிடையாது. ஆசை மட்டும் இருக்கிறது.

1896 ஏப்ரல் 9. கூரை கிடையாது, வானம்தான் கூரை. மைதானத்தின் நடுவில் பார்களும் குதிரையும். முதலில் குழுப் போட்டி, டபுள் பாரில். ஜெர்மன் அணிக்கு எதிராக இரண்டு கிரேக்க அணிகள். ஆட்கள் ஒரே சமயத்தில், ஒரே அசைவில் செய்ய வேண்டும். யான் மைதானத்தில் ஆரம்பித்த வித்தை அல்லவா, ஜெர்மனி ஜெயித்தது. அடுத்தது சிங்கிள் பாரில் குழுப் போட்டி. எதிர்த்து நிற்க எந்த அணியும் வரவில்லை. தனியாக ஏறி, செய்து காட்டி, அதையும் வாங்கிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தில் யாரும் கோலம் போடாத கோலப் போட்டியில் பரிசு வாங்கின மாதிரி என்று சிரிக்கலாம்தான். ஆனால் வந்தவன் செய்துதானே காட்டினான்.

தனிநபர் போட்டிகள் கலவையாகப் போயின. குதிரை தாண்டுவதில் ஜெர்மனியின் கார்ல் ஷூமன். கைப்பிடி வைத்த குதிரையில் சுவிட்சர்லாந்தின் லூயி ஸூட்டர். ரோமன் ரிங்ஸில் உள்ளூர்க்காரர் இயோனிஸ் மிட்ரோபூலோஸ். சிங்கிள் பாரில் ஹெர்மன் வைன்கார்ட்னர் முதல், ஆல்ஃபிரட் ஃப்ளாட்டோ இரண்டாவது. மறுநாள் ஏப்ரல் 10, டபுள் பாரில் ஆல்ஃபிரட் முதல். அன்றைக்குத்தான் மாரத்தானும். ஸ்பிரிடோன் லூயிஸ் ஓடி வந்து ஜெயித்து கிரேக்க நாடே கூத்தாடிய நாள். அந்த ஆர்ப்பாட்டத்தில் டபுள் பார் ஜெயித்தவனை யார் கவனித்திருப்பார்கள்?

கயிறு ஏறுகிற போட்டியும் இருந்தது. 14 மீட்டர் கயிறு. நம் ஊர்த் தென்னை மரம் ஒன்றின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறியவர்களில் உச்சியைத் தொட்டது இரண்டே பேர், இருவரும் கிரேக்கர்கள். முதலில் வந்த நிக்கோலாஸ் அந்திரியாகோபூலோஸுக்கு 23.4 வினாடி. மூன்றாவதாக வந்த ஜெர்மன்காரர் ஃப்ரிட்ஸ் ஹோஃப்மன் மேலே எட்டவே இல்லை. அவரே நூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாகவும் வந்தார். அந்தக் காலத்தில் ஒரே ஆள் எல்லாவற்றிலும் பேர் கொடுப்பார். கார்ல் ஷூமன் அப்படித்தான் குஸ்தியிலும் இறங்கினார். ஆள் குள்ளம். எடைப் பிரிவெல்லாம் கிடையாது. முதலில் பிடித்தது லான்செஸ்டன் எலியட் என்ற ஆஜானுபாகுவான ஆளை, எடை தூக்குவதில் ஜெயித்தவர். அவரைச் சாய்த்துவிட்டார். இறுதிப் போட்டி கிரேக்கர் ட்ஸிட்டாஸோடு. இருட்டிவிட்டது என்று நிறுத்தி, மறுநாள் வந்து மீண்டும் பிடித்து, ஷூமனே ஜெயித்தார்.

கடைசி நாள் அரசர் முதலாம் ஜார்ஜ் கையால் பரிசு. தங்க மெடல் அப்போது கிடையாது. முதலாவதாக வந்தவருக்கு வெள்ளி மெடலும் ஆலிவ் கிளையும். ஆல்ஃபிரட் ஃப்ளாட்டோ மூன்று முதலிடம், ஓர் இரண்டாமிடம். குஸ்டாவ் ஃபெலிக்ஸ் குழுவோடு சேர்ந்து இரண்டு முதலிடம்.

ஊர் திரும்பினார்கள். மேளதாளம் இல்லை. சங்கம் அவர்களை விலக்கி வைத்தது. சொல் மீறிப் போனாய், வெளிநாட்டான் நடத்தும் பந்தயத்தில் ஆடினாய், ஆகவே நீ நம் ஆள் இல்லை. ஜெயித்து வந்தவனுக்குக் கிடைத்தது இதுதான்.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வாசல் திண்ணைக்குப் போனேன். பேரனிடம் சொல்லாமல் விட்டது இதுதான்.

1979-ல் எங்கள் ஊர் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றுக்கு நான் காரியதரிசி. பெயர் வேண்டாம், கழகமே இப்போது இல்லை. ஆற்று மணலில் ஒரு சிங்கிள் பார், ஒரு டபுள் பார், நாலு ஜோடி கர்லாக்கட்டை, ஓர் ஓட்டுக் கொட்டகை. விடியற்காலை நாலரைக்கு வந்து கொட்டகையைத் திறந்து பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மாஸ்டர். ஒரு பைசா வாங்கமாட்டார். பையன் பாரிலிருந்து தவறினால் விழுவதற்குள் அவர் கை கீழே இருக்கும். என்னையே இரண்டு முறை அப்படித் தாங்கியிருக்கிறார்.

அந்த வருஷம் இன்னொரு சங்கம் போட்டி நடத்தியது. எங்கள் கமிட்டிக்கும் அவர்களுக்கும் ஏதோ பழைய தகராறு. யாரும் போகக்கூடாது என்று தீர்மானம் போட்டோம். மாஸ்டர் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒருவன் டபுள் பாரில் முதல் பரிசோடு வந்தான். அடுத்த ஞாயிறு கமிட்டி கூடியது. மாஸ்டரை இரண்டு வருஷம் நீக்கி வைப்பது என்று ஏகமனதாக முடிவு. ஏகமனதாக என்றால், ஏழு பேரில் மூன்று பேருக்கு மனசே இல்லை. நான் அந்த மூன்றில் ஒருவன். வாய் திறக்கவில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்தான் காரியதரிசி ஆக்கியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து கொட்டகைச் சாவியை என்னிடம் கொடுத்தார். "பூட்டு கொஞ்சம் துரு ஏறியிருக்கு தம்பி, மழைக்கு முன்னாடி எண்ணெய் விடு" என்றார். காபி சாப்பிடச் சொன்னேன். வேண்டாம் என்று போய்விட்டார். இரண்டு வருஷம் முடிந்தும் வரவில்லை. கூப்பிட நானும் போகவில்லை. பிறகு எனக்கு வெளியூர் மாற்றல். அவர் காலமான சேதி ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

சரி, ஃப்ளாட்டோக்களுக்கு வருகிறேன். விலக்கி வைத்ததோடு அவர்கள் கதை முடிந்திருந்தால் நானும் இவ்வளவு கலங்கியிருக்கமாட்டேன்.

குஸ்டாவ் ஃபெலிக்ஸ் 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனார். பரிசு இல்லை. பிறகு ஜவுளி வியாபாரத்தைக் கவனித்துக்கொண்டார். ஆல்ஃபிரட் பாரை விடவில்லை. தன்னை ஒதுக்கிய அதே இயக்கத்தோடு மறுபடி ஒட்டிக்கொண்டு, பெர்லினில் பயிற்சி, சொல்லிக் கொடுப்பது என்று வருஷக்கணக்காக உழைத்தார். கூட வந்த வைன்கார்ட்னர் 1919-ல், ஆற்றில் மூழ்கிய ஒருவரைக் காப்பாற்றக் குதித்து, தானே போய்விட்டார்.

1933-ல் ஹிட்லர் வந்தார். ஃப்ளாட்டோக்கள் இருவரும் யூதர்கள். யூதர்களை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குவதில் டுர்னர்ஷாஃப்ட் எவருக்கும் பின்தங்கவில்லை. முதல் தடவை, ஜெர்மனிக்காக ஏதென்ஸ் போனதால் விலக்கினார்கள். இரண்டாவது தடவை, நீ ஜெர்மானியனே இல்லை என்று விலக்கினார்கள். வாழ்நாளெல்லாம் இருந்த சங்கத்திலிருந்து அறுபது தாண்டிய வயதில் ஆல்ஃபிரட் வெளியே வந்தார். எங்கேயோ ஒரு காரியதரிசி, நல்ல கையெழுத்து உள்ளவன், அந்தப் பெயரையும் எழுதி அடித்திருப்பான் அல்லவா?

குஸ்டாவ் ஃபெலிக்ஸ் ஹாலந்துக்குத் தப்பிப் போனார். ஜெர்மன் ராணுவம் அங்கேயும் வந்தது. 1942-ல் ஆல்ஃபிரடை தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள். இன்றைய செக் நாட்டில், பிராகா நகருக்கு வடக்கே உள்ள கோட்டை ஊர் அது. அதே வருஷம் டிசம்பர் 28-ம் தேதி அங்கே இறந்தார். வயது 73. குஸ்டாவ் ஃபெலிக்ஸையும் பிடித்து 1944-ல் அதே முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். 1945 ஜனவரி 29. எழுபது வயது முடிந்து மூன்று வாரம். பட்டினியில் போனார். ஏதென்ஸில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பார் எடுத்த சகோதரர்கள், இரண்டு வருஷ இடைவெளியில் ஒரே முகாமில்.

ஐம்பது வருஷம் கழித்து அந்த நாடு தபால்தலை போட்டது. மறு வருஷம் பெர்லினில், ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் போகும் தெருவுக்கு ஃப்ளாட்டோ அலே என்று பெயர் மாற்றியது. 1936-ல் ஹிட்லர் ஒலிம்பிக் நடத்திய அதே ஸ்டேடியம். யாருக்கோ உறுத்தியிருக்கிறது, நல்லது. ஆனால் தபால்தலையை விற்றுப் பிழைத்தவன் என்ற முறையில் ஒன்று எனக்குத் தெரியும். அது சேர வேண்டிய விலாசத்துக்குத்தான் சேரும். விலாசத்தில் ஆள் இல்லை என்றால் திரும்பி வந்துவிடும்.

எங்கள் ஆற்றங்கரைச் சில்லறைச் சண்டையையும் அந்தக் கொடுமையையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். வைக்கவே முடியாது. எங்கள் மாஸ்டர் தன் வீட்டில், தன் மக்கள் சூழப் போனவர். நான் சொல்ல வந்தது 1896-ஐப் பற்றி மட்டும். முதல் தடவை விலக்கியபோது அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள் கொலைகாரர்கள் இல்லை. என்னைப் போன்றவர்கள். விதியைப் படித்தவர்கள், ஒற்றுமை முக்கியம் என்று நம்பியவர்கள், பக்கத்தில் இருப்பவர் கை தூக்கியதும் தானும் தூக்கியவர்கள். 'நீ நம் ஆள் இல்லை' என்று எழுத ஒரு தடவை பழகிய கைக்கு, அடுத்த தடவை அவ்வளவு கூசாது போலிருக்கிறது.

இதை எழுதுவதற்கு முன் மாஸ்டரின் மகளுக்கு போன் செய்தேன். அவருக்கே இப்போது அறுபது தாண்டிவிட்டது. நடந்ததைச் சொல்லி, அப்பா பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பேரெல்லாம் வேண்டாம் மாமா. அப்பா உங்களப் பத்திக் குறையா ஒண்ணும் சொன்னதில்ல. காலைல நாலு மணிக்கு முழிப்பு வந்துடும், திண்ணையில உக்காந்திருப்பாரு. அவ்வளவுதான்" என்றார்.

அதனால் பெயர் எழுதவில்லை. பேரன் ஊருக்குப் போகும்போது நாலு ஆல்பங்களில் எது வேண்டும் என்று கேட்டேன். ஜெர்மனி இருக்கிற ஆல்பத்தை எடுத்துக்கொண்டான். விற்கமாட்டேன் தாத்தா என்று அவனாகவே சொன்னான்.